ஒழுக்கு நின்ற கிழமை

டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். அப்பா ஒபிஸால் வந்து காரைக் கேற்றுக்குள் விட்டு எஞ்சினை நிற்பாட்டியதும், வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த கீழ்வீட்டின் முன்னறைக்குள் அவருக்கு முதல் அந்தச் சத்தம்தான் வரும். காருக்கு அடியில் அம்மா வைத்திருந்த பிஸ்கற் ரின் மூடியில் எஞ்சின் ஒயில் சொட்டுகிற சத்தம் அது. சூட்டோடு வந்து நின்ற கார், மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு வாங்கிக் கதைப்பதுபோல அவசரமாகச் சொட்டும். ஆற ஆற இடைவெளி நீளும். கடற்கரைத் தண்டவாளத்தில் பின்னேர ரெயின் தடதடத்துப் போய் முடியும்போது அடுத்த சொட்டு விழுமா விழாதா என்று, பாடக்கொப்பியில் பென்சிலை ஊன்றியபடி நான் காத்திருப்பேன். விழும். விழுந்த பிறகுதான் கணக்கைச் செய்வேன். கருகிய எண்ணெயும் இரும்பும் கடலுப்பும் சேர்ந்த அந்த மணம் யன்னலால் வந்து எங்கள் சோற்றில்கூட ஏறியிருந்தது. அது அப்பா வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்பதன் மணம். அந்த வருடங்களில் யாராவது வீடு வந்து சேர்வது சின்ன விஷயம் இல்லை.

கார் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையது. நம்பர்த் தகட்டின் நடுவே சிங்களத்தில் "ஸ்ரீ" எழுதியிருந்த காலத்து இங்கிலீஷ் கார், முட்டையை நெடுக்காக வெட்டிக் கவிழ்த்து வைத்த உருவம். அவுஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு போன ஒரு பறங்கிக்காரர் சாவியை அப்பாவின் கையில் கொடுக்கும்போது, "கொஞ்சம் கசியும், ஆனால் நடுவழியில் விடாது" என்று, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பனின் கூச்சத்தோடு சொன்னாராம். அந்தச் சொல்லில் பொய் இல்லை. கார் கசிந்தது, நடுவழியில் விடவும் இல்லை. அது பெற்றோலைக் குடித்ததை யாரும் குறை சொல்லவில்லை. ஒயிலைக் குடித்ததுதான் வீட்டில் பெரிய கதையாக இருந்தது. "உங்கட காருக்கு வயித்தோட்டம், வித்துத் துலையுங்கோ" என்பார் அம்மா. அப்பா, கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளார்க், எதற்கும் ஆபத்தை எடை போட்டுப் பார்க்கிற மனிதர், திருப்பிச் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "பஸ்ஸிலயும் குண்டு வெடிக்குது, ரெயினிலயும் குண்டு வெடிக்குது. இது ஒயில்தானேயப்பா விடுது. விடட்டும்."

ஆனால் அந்த ஒயிலுக்குள்ளேயே ஒரு பயம் இருந்தது. அதை அவர் எடை போட்டிருக்கவில்லை.

வடக்குக்கு எந்தச் சாமான் போகலாம், எது போகக்கூடாது என்று தடை இருந்த காலம். பெற்றோல், மண்ணெண்ணெய், டோர்ச் பற்றரி, இன்னும் என்னென்னவோ; பெரியவர்கள் விசேஷ வீடுகளில் குரலைத் தணித்துச் சொல்லிக்கொள்ளும் அந்த வரிசையில் எஞ்சின் ஒயிலும் இருந்தது. எங்கள் ஐசியில், அதுதான் அடையாள அட்டையில், பிறந்த இடம் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் கொழும்பில் ஒரு ரின் ஒயில் வாங்குவது ஒயில் வாங்குவதாக மட்டும் இருக்கவில்லை. பக்கத்து லேனில் ஒருவரை ரேடியோவுக்கு வாங்கிய பற்றரிகளோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வந்தார். வந்த பிறகு ரேடியோ கேட்பதையும் விட்டார், கேற்றடியில் நின்று கதைப்பதையும் விட்டார். அவர் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அம்மா என் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கக்கூடாத கேள்விகளை அந்த வயதிலேயே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியிருக்கையில் ஒருநாள், காலி வீதிக் கடையில் அப்பா வழமைபோல ஒரு ரின்னைத் தூக்கிக் காசு கொடுக்கையில், கல்லாவில் இருந்தவர் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்: "மாத்தயா, இவ்வளவு ஒயிலையும் எங்க அனுப்புறீங்க?"

பகிடிதான். அப்பாவும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு அவர் போகவே இல்லை. ஒரு ரின் பொரளையில், ஒரு ரின் கொட்டாஞ்சேனையில், ஒன்று பேலியகொடைப் பக்கம் மீன் வாங்கப் போன வழியில், ஒன்று பஞ்சிகாவத்தையில் என்று, ஒரு கடைக்காரருக்கும் முகம் பழகிப் போகாதபடி பிரித்துப் பிரித்து வாங்கினார். ஒவ்வொரு ரின்னும் ஒவ்வொரு நிறம். அவற்றை வைக்க இடமில்லாமல் அம்மாவின் அலுமாரிக்குள், சீலைகளுக்குப் பின்னால் அடுக்கினார். "என்ர கூறைச்சீலை கராஜ் மணக்குது" என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் ரின்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு சீலையை இழுத்துவிட்டவரும் அவர்தான்.

பஞ்சிகாவத்தைக்கு மட்டும் அப்பா திரும்பத் திரும்பப் போனார், என்னையும் முன்சீற்றில் ஏற்றிக்கொண்டு. நான் கூட இருந்தால் செக்பொயின்றில் கெதியாக விடுவார்கள் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். பழைய வாகனச் சாமான் கடைகளின் அந்த நெரிசலில், ஆணியில் தொங்கும் சைலன்ஸர்களுக்கும் கழற்றிய கதவுகளுக்கும் நடுவே, கரீம் நானாவின் கடை. கட்டையான, எப்போதும் வெற்றிலை போட்ட மனிதர்; ஒயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், தன் பிள்ளைகளின் குணத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். அப்பா ஒவ்வொரு ரின்னிலும் ஒரு துளியை வாங்கிப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்து, பிரித்து, நூல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். புது ஒயில் தேன் நிறம். அது எங்கள் காருக்குள் போய் ஏன் அவ்வளவு கறுப்பாக வருகிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை.

"தடிச்சத போட்டா ஒழுக்கு கொறயும், தொர" என்பார் கரீம் நானா. "ஆனா காலையில அது மேல ஏறி வாறதுக்குள்ள எஞ்சின் பட்டினி கெடக்கும். மெல்லிசா போட்டீங்கண்டா எஞ்சினுக்கும் சந்தோசம், ரோட்டுக்கும் சந்தோசம்."

"புகை?"

"மெல்லிசுக்குப் பொகைக்கும். நீலமா வரும்."

நீலப் புகை விடுகிற காரைச் செக்பொயின்றில் மறிப்பார்கள். தடித்த ஒயில் போட்ட கார் காலையில் முனகும். மறிக்கிற இடத்தில் முதல் வேலையாக எஞ்சினை நிற்பாட்டச் சொல்வார்கள். பிறகு துவக்குகளுக்கு முன்னால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவேண்டும். ஒருமுறை ஆகத் தடித்த ஒயிலை ஊற்றிவிட்டு, அடுத்தநாட் காலை கார் முனகி முனகி பற்றரி இறங்கி நின்றபோது, எங்கள் சொந்தக் கேற்றுக்குள் நின்றபடியே அப்பாவின் சேட் முதுகு நனைந்து ஒட்டியதைப் பார்த்தேன். "இது பம்பலப்பிட்டிச் செக்பொயின்றா இருந்திருந்தா" என்றார். ஊரில் மற்றவர்களுக்கு ஒயில் என்றால் விலையும் மைல் கணக்கும். எங்களுக்கு அது, எந்தப் பயத்தை மற்றப் பயத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத் தாங்கலாம் என்ற தெரிவு. ஒழுக்கைக் குறைத்தால் முனகல். முனகலைக் குறைத்தால் புகை. இரண்டும் வேண்டாமென்று நடுவானதை ஊற்றினால் ஒழுக்கு, ஒழுக்கென்றால் இன்னொரு ரின், இன்னொரு கடை, இன்னொரு சிரிப்பு.

கடைசியில் அப்பா கேட்டார்: "நானா, ஒயிலைக் குறைச்சு வாங்கோணும். அதுக்கு வழி சொல்லுங்கோ."

கரீம் நானா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், மருந்துப் போத்தல் அளவில் ஒரு சின்னச் சிவப்பு ரின்னைக் கொண்டுவந்து வைத்தார். "உள்ளுக்க றப்பர் சீல் எல்லாம் காஞ்சி சுருங்கிப்போய் ஈக்கி. இத ஒயிலோட ஊத்தினா ஊறின கடல மாதிரி உப்பி, வழிய அடைக்கும். ஆனா தொர, இது கெழவனுக்கு மை பூசுற வேல. கொஞ்ச நாளைக்கித்தான். நல்லா சூடேறி ஓடினா அப்பவும் கொஞ்சம் விடும். கனக்க ஊத்தி வெச்சீங்கண்டா றப்பரே கூழாப் போகும்."

"கொஞ்ச நாள் காணும்" என்றார் அப்பா. அந்த நாட்களில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொன்ன சொல் அது.

மருந்து ஊற்றிய அன்று வீட்டில் ஒரு சின்னச் சடங்கே நடந்தது. அம்மா குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார். நான் பிள்ளையார் படத்துக்கு முன் நின்று, எங்கள் காரின் ஒழுக்கை நிற்பாட்டித் தந்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்தேன். அப்பா எஞ்சினின் ஒயில் வாயில் புனல் வைத்து, ஒரு துளியும் வெளியே போகாமல் ஊற்றினார். முதல் இரண்டு நாளும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இடைவெளிகள் நீண்டன. நான் பென்சிலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தேன், ரெயின் போனது, இன்னொரு ரெயின் போனது, கணக்குச் செய்யப்படாமலே கிடந்தது. ஒரு பின்னேரம் கார் வந்து நின்றது; முன்னறைக்குள் ஒரு சத்தமும் வரவில்லை. அப்பாவே வந்து கதவில் நின்று, "கேட்டுதோ?" என்றார். "இல்லை" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. வீடு முதல்முறையாக அமைதியாக இருந்தது. அவர் வந்தாரா வரவில்லையா என்று எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது.

இப்போது அம்மாவுக்கு வேகம் பிடித்துக்கொண்டது. "ஒயில் கறையைக் கண்டா ஒயிலைத் தேடுவினம்" என்றார். அது எவ்வளவு சரியான பேச்சாக எங்களுக்குப் பட்டது. மரக்காலையில் இருந்து மரத்தூள் எடுப்பித்து, கார் நின்ற சீமெந்தில் கொட்டி, ஊறவிட்டுக் கூட்டி, சோடாத் தூள் போட்டு, தேங்காய்ப் பொச்சால் உரஞ்சி உரஞ்சி, வருடக்கணக்காக அங்கே படுத்திருந்த கறுப்பை அம்மாவும் நானும் ஒரு சனிக்கிழமையில் கழுவி விட்டோம். சொட்டு வாங்கிய பிஸ்கற் ரின் மூடி மினுக்கப்பட்டுக் குசினிக்குப் போய் மா வாளிக்கு மூடியாகியது. அடியில் போட்டிருந்த காட்போட் மட்டைகளைப் பின்வளவில் எரித்தோம். அப்பா முதுகுக்குச் சாக்கு விரித்துக் காருக்கு அடியில் படுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினின் வயிற்றைத் துடைத்துத் துடைத்து, கல்யாண வீட்டுக்கு வெளிக்கிட்ட கிழவர்போல அதை மினுங்க வைத்தார். எழுந்து நின்று மூவரும் பார்த்தோம். அந்தக் கார் வாழ்நாளில் ஒரு சொட்டு ஒயில் சிந்தியதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை.

அலுமாரிக்குள் இருந்த ரின்கள் மட்டும் மிஞ்சின. "இனித் தேவைப்படாது, கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்கோ" என்றார் அம்மா. வாங்கி வந்தபோது ஒவ்வொன்றாய் வந்தவை. இப்போது நாலையும் ஒன்றாகக் காரில் ஏற்றிச் செக்பொயின்றைக் கடப்பதா? அதை நினைத்ததும் அப்பா அலுமாரிக் கதவைச் சாத்தினார். "இருக்கட்டும். பிறகு பாப்பம்."

அந்தக் கிழமை நகரத்தில் குண்டொன்று வெடித்தது. எங்கே என்று இங்கே சொல்லத் தேவையில்லை, அந்த வருடங்களில் எங்காவது வெடித்துக்கொண்டுதான் இருந்தது. வெடித்த பிறகு எங்கள் லேன்களுக்கு ஆட்கள் வருவார்கள் என்பதும் வழமை. ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். ஆமிக்காரர் லேன் முனையில் நிற்க, பொலிசார் வீடு வீடாக. எங்கள் வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் நரைத்த மீசைக்காரர், குரலை உயர்த்தாதவர். வாசலில் கழற்றிக் கிடந்த எங்கள் செருப்புகளைக் கண்டு தானும் ஒரு கணம் தயங்கி, பிறகு சப்பாத்தோடு வந்தார். வீட்டில் இருப்பவர்களின் பொலிஸ் பதிவைப் பார்த்தார், ஐசியைப் பார்த்தார், என்னிடம் என்ன வகுப்பு என்று கேட்டார். எல்லாம் முடிந்து போகப்போகிறார் என்றுதான் இருந்தது. கூட வந்த இளம் கொன்ஸ்டபிள் அலுமாரியைத் திறந்தான். சீலைகள் மணத்தன.

நாலு நிறத்தில் நாலு ரின்கள். அவன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அம்மாவின் கூறைச்சீலை விரிந்து விழுந்திருந்த கட்டிலில் வரிசையாக வைத்தான்.

"மேவா மொனவாத?" என்றார் இன்ஸ்பெக்டர். இவை என்ன?

"கார் எகட்ட, சேர்." காருக்கு. அப்பாவுக்கு ஒபிஸில் பழகிய நல்ல சிங்களம். அன்றைக்கு அது தொண்டைக்குள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்கப்படுவதுபோல வந்தது. இவ்வளவா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். கார் லீக், ஒவ்வொரு கிழமையும் ஊற்றவேண்டும் என்றார் அப்பா. நாலு நிறத்தையும் பார்த்து, ஏன் நாலு கடையில் என்று கேட்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார். பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் பொய் ஒன்றும் அகப்படவில்லை. "பயயி, சேர்" என்றார். பயம்.

"காட்டத பய?" யாரைக் கண்டு பயம்?

அந்தக் கேள்விக்கு அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, கேற்றடியில் நின்ற காரைச் சுற்றி வந்தார். அரைக்காற்சட்டையை முழங்காலில் இழுத்துவிடுகிற பள்ளிப்பிள்ளைபோல, காக்கியை இழுத்துவிட்டுக்கொண்டு குந்தி, டோர்ச்சை அடித்து அடியில் பார்த்தார். சீமெந்து வெளுத்துக் கிடந்தது. எஞ்சினின் வயிறு மினுங்கியது. அவர் சீமெந்தை ஒரு விரலால் தடவி, அந்த விரலை அப்பாவுக்கு முன்னால் பிடித்தார். சுத்தமான விரல்.

"கோ?" என்றார். எங்கே?

ஒரே எழுத்து. இன்றைக்கும் என் முதுகுத்தண்டில் ஏறுகிற எழுத்து அது. எத்தனை வருடத்துச் சொட்டு, எத்தனை மட்டை, எத்தனை மூடி. எல்லாவற்றையும் நாங்கள்தான் எங்கள் கையால் உரஞ்சிக் கழுவியிருந்தோம். அம்மாவின் விரல் நகங்களுக்குள் இன்னும் அந்தக் கறுப்பு மெல்லிசாக இருந்திருக்கும். அதைக் காட்டலாம் என்று யாருக்குத் தோன்றும்?

காரை எடுத்துக்கொண்டு பொலிசுக்கு வரச் சொன்னார்கள். ரின்கள் பின்னால், கொன்ஸ்டபிள் முன்சீற்றில். "நாங்களும் வாறம்" என்று அம்மா சொன்னார். யாரும் கேட்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. அவசரமாக உடுத்த சீலையோடு என்னை இழுத்துக்கொண்டு பின்சீற்றில் ஏறினார். ரின்கள் எங்கள் கால்களில் முட்டின. காலி வீதியில் ஞாயிறு வெயில். அப்பா காரை முதல் கியரில் எடுத்து இரண்டாவதுக்கு மாற்றினார், அதற்குமேல் மாற்றவில்லை. எஞ்சின் அலறியது. பட்டுத்துணி மடிப்பதுபோலக் கியர் மாற்றுகிற மனிதர், இரண்டாவது கியரிலேயே, காலை அமர்த்தி, அந்தக் கிழட்டுக் காரை ஓலமிட வைத்து ஓட்டினார். கடைவாசல்களில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொன்ஸ்டபிள் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டான். "மொகத மே?" என்றான். என்ன இது? "பறண கார் எக, சேர்" என்றார் அப்பா, கண்ணை வீதியில் இருந்து எடுக்காமல். பழைய கார். பயத்தில் அவருக்குக் கியர் மறந்துபோய்விட்டது என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. என் அப்பாவுக்குத் தெரிந்த ஒன்று இப்படித்தான் முதலில் அவரை விட்டுப் போகிறது என்று பட்டது.

பொலிசின் முற்றத்தில் கூட்டிய மணல், சுண்ணாம்பு அடித்த கல்வரிசை. காரை அதற்குள் நிறுத்திவிட்டு அப்பா உள்ளே போனார். ரின்களும் உள்ளே போயின. எங்களை விறாந்தையில் ஒரு வாங்கில் இருக்கச் சொன்னார்கள். அங்கிருந்து, திறந்த கதவுக்குள் இன்ஸ்பெக்டரின் மேசையின் பாதியும் அப்பாவின் ஒரு முழங்கையும் தெரிந்தன. மற்றப் பக்கம் திரும்பினால் கார்.

அம்மா முழங்கையைப் பார்க்கவில்லை. காருக்கு அடியில் இருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வெள்ளை மணல். எஞ்சின் ஆறுகிற சத்தம், தகரம் சுருங்குகிற "டிக் டிக்", அது கேட்டது. எனக்குப் பழகிய மற்றச் சத்தம் இல்லை. உள்ளே யாரோ தட்டெழுத்து அடித்தார்கள். யாரையோ ஒருவரைக் கைவிலங்கோடு எங்களைக் கடந்து கூட்டிப் போனார்கள். அவர் போகும்போது என்னைப் பார்த்தார். பக்கத்து லேன்காரர் திரும்பி வந்தபோது இருந்த முகம் அது. அப்பாவுக்கும் அந்த முகம் வந்துவிடும் என்று நினைத்தேன். பிள்ளையாரே என்று தொடங்கினேன், உடனே சிக்கிக்கொண்டேன். போன கிழமை ஒழுக்கை நிற்பாட்டு என்று கேட்டவளும் நான்தான், தேங்காய் இன்னும் உடைக்கவில்லை. முதல் கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள்ளும், ஒழுகட்டும், எல்லா இடத்தாலும் ஒழுகட்டும், இரண்டு தேங்காய் என்றேன்.

மணலில் ஒரு புள்ளி. எறும்போ என்று பார்த்தேன். அதன் பக்கத்தில் இன்னொன்று.

அம்மா எழுந்தார். இருக்கச் சொல்லிக் கொன்ஸ்டபிள் பின்னால் குரல் கொடுத்தான், அம்மா திரும்பவில்லை. முற்றத்தைக் கடந்து, சீலைக் கொய்யகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, மணலில் முழங்காலை ஊன்றிக் குனிந்து, காருக்கு அடியில் உள்ளங்கையை நீட்டி வைத்தார். கோயிலில் தீர்த்தம் வாங்குகிற கைபோல. அந்த ஒயிலைச் சீமெந்தில் இருந்து உரஞ்சிக் கழுவிய அதே கை. சொட்டு விழ விழ அசையாமல் இருந்து, குழிந்த உள்ளங்கையில் கறுப்பாக ஒரு சின்னக் குளம் சேர்ந்ததும் எழுந்து, சிந்தாமல், மற்றக் கையால் ஏந்தியபடி விறாந்தையைக் கடந்து, இன்ஸ்பெக்டரின் மேசைக்குப் போனார்.

"சேர்" என்றார் அம்மா. சிங்களத்தில் அவருக்கு அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் கையைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எழுந்து வெளியே வந்து, காருக்குப் பக்கத்தில் முன்போலவே குந்தினார். இப்போது கார் அவசரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது, மூச்சு வாங்குகிறவர் கதைப்பதுபோல. ஒன்று அவருடைய சப்பாத்து நுனியில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. "லீக் வெனவா தமா" என்றார், யாருக்கும் சொல்லாததுபோல. ஒழுகத்தான் செய்கிறது. ரின்களில் மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தந்தார். "ஹரி, யன்ன." போங்கள்.

போனோம். அப்பா இம்முறை ஒழுங்காகக் கியர் மாற்றினார். வீட்டுக்கு வந்து, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக் கழுவி, கறுப்பு போகாது என்று விட்ட பிறகுதான் அம்மா கேட்டார்: "ஏனப்பா இரண்டாவது கியரிலயே ஓடினனீங்கள்?"

"பயத்தில மாத்த மறந்திட்டன்."

நல்லாச் சூடேறி ஓடினால் அப்பவும் கொஞ்சம் விடும் என்று கரீம் நானா சொன்னது என் காதிலும்தான் விழுந்திருந்தது. அப்பா அதை நினைத்து ஓட்டினாரா, உண்மையாகவே மறந்தாரா என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. இரண்டும் ஒரே பயந்தான்.

அடுத்த சனிக்கிழமை பஞ்சிகாவத்தையில், "என்ன தொர, ஒழுக்கு நிண்டிச்சா?" என்றார் கரீம் நானா.

"நிண்டது. திரும்ப ஒழுக வைக்க ஏதும் மருந்து இருக்கோ?"

கரீம் நானா வெற்றிலை தெறிக்கச் சிரித்தார்; அப்பா சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். பிறகு எழுந்து போய், கடையில் இருந்ததிலேயே மெல்லிசான ஒயிலை எடுத்து வந்து, தாளில் சுற்றித் தந்தார்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒயில் தெரிவில் குழப்பமே இருக்கவில்லை. எது நன்றாக ஒழுகுமோ அது. மா வாளியின் மூடி குசினியில் இருந்து திரும்பி வந்தது. சீமெந்தில் கறுப்பு மெல்ல மெல்லத் தன் பழைய இடத்தைப் பிடித்துப் பரவியது. அம்மா அதற்கு மேல் கோலமும் போடவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. பிறகு வந்த சோதனைகளில் எல்லாம், ஐசியைக் கேட்பதற்கு முன்பே அம்மா வந்தவர்களைக் கேற்றடிக்குக் கூட்டிப்போய், சீமெந்தில் இருந்த கறையைக் கையால் காட்டுவார், வீட்டில் பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோல. ஒரு ரின்தான் வீட்டில் இருக்கும். அதுவும் முன்னறையில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். நான் இரண்டு தேங்காயும் உடைத்தேன்.

அப்பா போய்விட்டார். கார் அவருக்கு முதலே, இரும்புக்கென்று போனது. அந்த லேனில் இப்போது கீழ்வீடு என்று ஒன்றும் இல்லை. கறை கிடந்த இடத்தைத் தோண்டி எடுத்து அதற்கு மேல் மாடிமாடியாக எழுப்பியிருக்கிறார்கள். லேன் முனையில் மணல்மூட்டை இருந்த இடத்தில் ஒருவர் செவ்விளநீர் விற்கிறார். அந்தப் பக்கத்திலேயே, இன்னொரு மாடிக் கட்டடத்தில்தான் நானும் இருக்கிறேன். என்னுடையது சத்தம் போடாத ஜப்பான் கார். சேர்விசுக்கு விட்டால் தாங்களே ஒயிலை மாற்றி, கண்ணாடியில் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டித் தருகிறார்கள். எந்த ஒயில், தடித்ததா மெல்லிசா என்று நான் கேட்டால், அந்தப் பொடியன் இப்படி ஒருவரும் கேட்பதில்லை என்று பார்க்கிறான்.

காலையில் காரை எடுக்க முதல் குனிந்து அடியில் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. "என்னம்மா தேடுறீங்க, ஏதும் விழுந்திடுச்சா?" என்று காவலுக்கு நிற்கிற மலைநாட்டுப் பெரியவர் கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டு நிமிர்வேன். கீழே முகம் தெரிகிற மாதிரி மாபிள் தரை, துடைத்த தரை, ஒரு புள்ளி இல்லை. யாராவது வந்து, குரலை உயர்த்தாமல், என் பக்கத்தில் குந்தி "கோ?" என்று கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் ஒரு சொட்டும் இல்லை.